வெளிநாட்டில் வாடகை வீடு: 8 சதவீதம் என்ற எண்ணைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி இதுதான்: வெளிநாட்டு நகரம் ஒன்றில் கட்டப்பட்டு வரும் அடுக்ககத்தில் வீடு ஒன்றின் விலை 2,00,000 டாலர், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 8 சதவீத வாடகை வருமானத்துக்குக் கட்டுமான நிறுவனமே உத்தரவாதம் தருகிறது, அந்த நகரத்தை நேரில் பார்த்ததில்லை, முதலீடாக வாங்கி வாடகைக்கு விடலாமா? எந்த நாடு என்று கேள்வியில் இல்லாததால், பல நாடுகளின் விதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு பதில் சொல்கிறேன். என் முடிவு முதலிலேயே: இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். இந்த முதலீடு கூடவே கூடாது என்பதல்ல காரணம். வாடகை விகிதம் என்பது கணக்கின் கடைசி வரி. அந்த வீட்டைப் பின்னாளில் யாரிடம் விற்க முடியும், விற்ற பணம் எந்த வழியில், எவ்வளவு குறைந்து உங்கள் கைக்கு வந்து சேரும் என்ற இரண்டுக்கும் விடை தெரியாத நிலையில் 8 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது உடைமை உரிமை. வெளிநாட்டவர் வீடு வாங்கலாமா என்ற கேள்விக்கு 'வாங்கலாம்' அல்லது 'வாங்கக் கூடாது' என்று ஒரே சொல்லில் பதில் தரும் நாடுகள் குறைவு. வியட்நாமில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வீடுகளில் 30 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் கையில் இருக்கலாம். அதுவும் பொதுவாக 50 ஆண்டுகளுக்கு, நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்புடன். மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டர், நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர் வரையுள்ள நிலப்பகுதியில் வெளிநாட்டவர் குடியிருப்பை நேரடியாகத் தம் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. வங்கி ஒன்றின் பெயரில் அறக்கட்டளை அமைத்து, அதன் பயனாளியாக இருந்துதான் அனுபவிக்க வேண்டும். கனடா 2023 ஜனவரி 1 முதல் பெரும்பாலான நகர்ப்புறங்களில் வெளிநாட்டவர் குடியிருப்பு வாங்குவதைத் தடை செய்து, அந்தத் தடையை 2027 ஜனவரி 1 வரை நீட்டித்தது. நியூசிலாந்து 2018இலேயே இத்தகைய தடையைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியர்களுக்கும் சிங்கப்பூரர்களுக்கும் அதில் விலக்கு உண்டு.

தாய்லாந்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இவ்வகை விற்பனையில் மிகுதியாக ஏமாற்றம் நடக்கும் இடங்களுக்கு அது நல்ல பாடம். அங்கு வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. பதிவு பெற்ற அடுக்ககத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். அந்த ஒதுக்கீட்டுக்குள் வாங்குபவர் விலைப் பணத்தை வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணியாகக் கொண்டுவந்ததற்கான வங்கிச் சான்றைப் பதிவின்போது காட்ட வேண்டும். பின்னாளில் விற்ற பணத்தை வெளியே எடுத்துச் செல்லவும் அதே சான்றுதான் கைகொடுக்கும். உள்ளூரில் இருக்கும் நண்பர் கணக்கிலிருந்து பணம் கட்டிவிட்டு ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் பதிவு அலுவலகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். தோட்டத்துடன் கூடிய தனி வீடு வேண்டும் என்பவரிடம் தரகர்கள் இரண்டு குறுக்கு வழிகளைக் காட்டுவதுண்டு. ஒன்று, உள்ளூர்ப் பங்குதாரர்களைப் பெயரளவுக்குச் சேர்த்து நிறுவனம் தொடங்கி நிலத்தை அதன் பெயரில் வாங்குவது. இது அப்பட்டமான பினாமி ஏற்பாடு; சட்டப்படி குற்றம். மற்றொன்று, '30 கூட்டல் 30 கூட்டல் 30' ஆண்டுக் குத்தகை. பதிவு செய்து சட்டம் காக்கும் குத்தகைக் காலம் 30 ஆண்டுதான். மீதி 60 ஆண்டு இன்றைய நில உரிமையாளரின் வாக்குறுதி. அவருக்குப் பின் வருபவர் அதை மதிப்பார் என்று நம்பி யாரும் பணம் போடக் கூடாது.

இந்தக் கட்டுப்பாடுகள் வாங்கும்போது மட்டும் தடையாக நின்றால் பரவாயில்லை. விற்கும்போதும் வாங்குவோர் கூட்டத்தைச் சுருக்குவதுதான் இவற்றின் உண்மையான விலை. ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் 1 முதல், முதற்கட்டமாக இரண்டு ஆண்டுகளுக்கு, ஏற்கெனவே கட்டப்பட்ட வீடுகளை வெளிநாட்டவர் வாங்குவதை அந்நாடு பெரும்பாலும் தடுத்திருக்கிறது. புதிதாகக் கட்டப்படும் வீடுகளை அனுமதி பெற்று வாங்கலாம். நீங்கள் புதிய வீடாக வாங்கியது அடுத்தவருக்கு விற்கப்படும்போது பழைய வீடு. அதாவது உங்களுக்கு விற்ற நிறுவனம் உலகம் முழுவதிலும் வாடிக்கையாளர் தேடியது; இத்தகைய தடை நடப்பில் இருக்கும் காலத்தில் நீங்கள் விற்க நேர்ந்தால் உள்ளூர்க்காரர்களிடம் மட்டுமே விற்க முடியும். உள்ளூர்க்காரர்கள் வெளிநாட்டவருக்காக நிர்ணயித்த விலையைத் தருவதில்லை. ஆகவே எந்த நாடாயினும், அந்த வீட்டை அந்த விலைக்கு அந்நாட்டுக் குடும்பம் ஒன்று வாங்குமா என்று கேட்டுப் பாருங்கள். அதே தெருவில் உள்ள பத்து ஆண்டுப் பழைய வீடுகள் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்பதை அரசுப் பதிவேட்டிலிருந்தோ உள்ளூர் மதிப்பீட்டாளரிடமிருந்தோ தெரிந்துகொள்வது, தரகரின் வண்ணக் கையேட்டைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

நுழைவுச் செலவும் நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு கொண்டது. சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவர் குடியிருப்பு வாங்கினால் வழக்கமான முத்திரைத் தீர்வைக்கு மேல் விலையில் 60 சதவீதம் கூடுதல் தீர்வை கட்ட வேண்டும். (தடையற்ற வணிக ஒப்பந்தங்களின் காரணமாக அமெரிக்கர்கள் போன்ற சில நாட்டவருக்கு இதில் சலுகை உண்டு, ஒரே வீட்டுக்கு இருவர் இவ்வளவு வேறுபட்ட விலை கொடுப்பது இத்துறையில் அதிசயமல்ல.) இங்கிலாந்தில், வேறு வீடு வைத்திருப்பவர் இன்னொன்று வாங்கினால் 5 சதவீதமும், நாட்டில் வசிக்காதவர் என்றால் அதற்கு மேல் 2 சதவீதமும் கூடுகின்றன. துபாயில் நிலத்துறைக்கான பதிவுக் கட்டணம் 4 சதவீதம்.

அடுத்தது வாடகைக்கு விடும் உரிமை. வீடு உங்களுடையதாக இருப்பதும், அதை விருப்பப்படி வாடகைக்கு விடலாம் என்பதும் வேறு வேறு. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் இரு மடங்கு கிடைக்கும் என்று கணக்குக் காட்டும் விளம்பரங்களை நான் மிகுந்த ஐயத்துடன் பார்க்கிறேன். தாய்லாந்தில் 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது விடுதிச் சட்டத்தின் கீழ் வருகிறது. சாதாரண அடுக்கக வீட்டுக்கு விடுதி உரிமம் கிடைப்பது அரிது. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவான தங்கலுக்கு வீட்டுக்காரரே பதிவு செய்துகொண்டு விருந்தினருடன் அதே வீட்டில் இருக்க வேண்டும் என்று விதித்ததால், முழு வீட்டை நாள் வாடகைக்கு விடும் தொழில் அங்கு ஏறத்தாழ முடிந்துபோனது. பார்சிலோனா தன் 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024இல் அறிவித்தது. நகராட்சி அனுமதித்தாலும் கட்டடத்தின் உரிமையாளர் சங்க விதிகள் தடுக்கலாம். அந்த விதிப் புத்தகத்தையும் சங்கத்தின் கடைசி மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகளையும் மொழிபெயர்த்து வாங்கிப் படியுங்கள்.

நீண்டகால வாடகையிலும் சட்டம் குடியிருப்பவர் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் காலவரையற்ற வாடகை ஒப்பந்தமே வழக்கம். வீடு கைமாறினாலும் பழைய ஒப்பந்தம் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும். 2015 முதல், வீட்டு நெருக்கடி உள்ள பகுதிகளில் புதிய வாடகை, அப்பகுதியில் அதே போன்ற வீடுகளின் வழக்கமான வாடகையைவிட 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதி இருக்கிறது. பல ஆண்டுகளாகக் குறைந்த வாடகையில் ஒருவர் இருக்கும் வீட்டை மலிவாக வாங்கிவிட்டோம் என்று மகிழ்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும். துபாயில் வீட்டை விற்கவோ சொந்தப் பயன்பாட்டுக்கோ குடியிருப்பவரை வெளியேற்ற 12 மாத முன்னறிவிப்பு முறைப்படி தர வேண்டும். இங்கிலாந்தில் 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், காரணம் சொல்லாமல் வெளியேற்றும் வழியை 2026 மே 1 முதல் மூடுகிறது. இவை தவறான சட்டங்கள் என்று நான் சொல்லவில்லை. குடியிருப்பவருக்குக் கூரை உறுதியாக இருப்பது நல்லதே. உங்கள் பணத்துக்கு அவசரம் வரும்போது வீடு காலியாக இருக்காது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்வது.

இப்போது அந்த 8 சதவீதத்துக்கு வருவோம். 2,00,000 டாலருக்கு ஆண்டு வாடகை 16,000. இது வீட்டு விலையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. தீர்வை, வழக்கறிஞர், பதிவு, அறைகலன் எல்லாம் சேர்த்து 7 சதவீதம் என்று வைத்தால் நீங்கள் போட்டது 2,14,000. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் கையில் வருவது 14,667. நிர்வாகம் செய்பவருக்கு அதில் 10 சதவீதம் போனால் 13,200 மிஞ்சும். கட்டடப் பராமரிப்புக் கட்டணம் மாதம் 200 வீதம் 2,400, சொத்து வரியும் காப்பீடும் 1,200, பழுதுக்கு 800, கணக்காளருக்கு 500. இவை போக எஞ்சுவது 8,300. அதில் 20 சதவீதம் வருமான வரி என்றால் கடைசியில் 6,640, அதாவது போட்ட பணத்தில் ஏறத்தாழ 3.1 சதவீதம். இவை ஒரு மாதிரிக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் வீட்டுக்கான உண்மை எண்களை ஒவ்வொன்றாக எழுத்தில் கேட்டு இதே வரிசையில் கழித்துப் பாருங்கள். எந்த வரிக்குத் தரகரிடமிருந்து பதில் வரவில்லையோ அங்கேதான் பிரச்சினை இருக்கும்.

வாடகை உத்தரவாதம் பற்றி என் கருத்து கடுமையானது. சந்தையில் 5 சதவீதத்துக்குத்தான் வாடகை போகும் இடத்தில் நிறுவனம் 8 தருகிறது என்றால், மீதி 3 சதவீதம் பெரும்பாலும் உங்கள் கொள்முதல் விலையில் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும். உங்கள் பணத்தையே இரண்டு ஆண்டுக்குத் தவணையாகத் திருப்பிக் கொடுத்து, அதற்கு நன்றியும் வாங்கிக்கொள்கிறார்கள். அதைவிட மோசமானது, உத்தரவாதம் தருவது தாய் நிறுவனமாக இல்லாமல் இந்தத் திட்டத்துக்கென்றே தொடங்கப்பட்ட, சொத்து எதுவும் இல்லாத துணை நிறுவனமாக இருப்பது. அது வாக்குத் தவறினால் வழக்குப் போட்டு வெல்லலாம். வசூலிக்க ஒன்றும் இருக்காது. யார் கையெழுத்திடுகிறார்கள், வங்கி உத்தரவாதம் உண்டா, அந்தத் தொகை செலவுகளைக் கழிப்பதற்கு முந்தியதா பிந்தியதா என்று கேளுங்கள்.

வரியில் வெளிநாட்டு உரிமையாளர்கள் பலர் தடுமாறுவது, நிகர வருமானத்துக்குப் பதில் மொத்த வாடகை மீதே பிடித்தம் நடக்கும்போதுதான். அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் எதுவும் செய்யாமல் விட்டால் மொத்த வாடகையில் 30 சதவீதம் பிடிக்கப்படலாம். வாடகையை வணிக வருமானமாகக் கருதும் தெரிவை முறைப்படி மேற்கொண்டால் கடன் வட்டி, பராமரிப்பு, தேய்மானம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு நிகரத்துக்கு மட்டும் வரி கட்டலாம். இரண்டுக்கும் இடையே வேறுபாடு சிறியதல்ல. பல வீடுகளில் தேய்மானத்தைக் கழித்ததும் வரி சொற்பமாகிவிடுகிறது. கனடாவில் மொத்த வாடகையில் 25 சதவீதப் பிடித்தம். அங்கும் நிகர முறையைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு. பிரிட்டனில் வரித்துறையின் ஒப்புதல் பெறாத வெளிநாட்டு உரிமையாளரின் வாடகையிலிருந்து முகவர் அடிப்படை விகிதமான 20 சதவீதத்தைப் பிடித்துச் செலுத்த வேண்டும்.

விற்கும்போது இன்னொரு பிடித்தம் காத்திருக்கும். அமெரிக்காவில் வெளிநாட்டவர் விற்றால், வாங்குபவர் பொதுவாக விற்பனை விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்கு அனுப்புவார். கவனியுங்கள், லாபத்தில் அல்ல, விலையில். நட்டத்துக்கு விற்றவரும் கணக்குத் தாக்கல் செய்துதான் அதைத் திரும்பப் பெற வேண்டும். ஸ்பெயினில் இப்படிப் பிடிக்கப்படுவது 3 சதவீதம். பிரிட்டனில் குடியிருப்பை விற்ற வெளிநாட்டவர் 60 நாளுக்குள் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், வரி இல்லாவிட்டாலும்.

விளம்பரத்தில் ஒருபோதும் வராதது மரண வரி. அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் இறந்தால், அங்குள்ள சொத்தில் முதல் 60,000 டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 40 சதவீதம் வரை வரி வரலாம். இருநாட்டு ஒப்பந்தம் இருந்தால் மாறும். பிரிட்டனில் 3,25,000 பவுண்டு வரம்புக்கு மேல் 40 சதவீதம். வாங்கியபின் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது பெரும்பாலும் செலவு மிகுந்த வழி. மாற்றும்போதே மறுபடியும் தீர்வையும் ஆதாய வரியும் விழக்கூடும். எந்தப் பெயரில் வாங்குவது என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே இரு நாட்டு வரிச் சட்டமும் தெரிந்தவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். உங்கள் சொந்த நாட்டின் விதிகளும் இதில் சேரும்: வெளியே அனுப்பக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு இருக்கலாம், வெளிநாட்டுச் சொத்தை ஆண்டுதோறும் கணக்கில் காட்ட வேண்டியிருக்கலாம், அந்த வாடகைக்கு இங்கும் வரி விதித்து அங்கு கட்டியதைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கலாம்.

நாணய மாற்றம் இவை அனைத்தையும் விழுங்கிவிடக்கூடியது. துருக்கிய லிரா 2018 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 4க்கும் குறைவாக இருந்தது. 2024 தொடக்கத்தில் 30ஐ நெருங்கியது. அங்கு வீட்டு விலை லிராவில் பல மடங்கு உயர்ந்ததைக் காட்டி விற்றவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னார்களா என்பது ஐயமே. வலுவான பொருளாதாரங்களும் விலக்கல்ல. 2021 நடுவில் டாலருக்கு 110 யென் அளவில் இருந்த ஜப்பானிய நாணயம் 2024 நடுவில் 160 வரை சரிந்தது. கடன் வாங்குவதானால் வாடகை வரும் நாணயத்திலேயே வாங்குவது ஓரளவு பாதுகாப்பு. சொந்த நாட்டில் கடன் வாங்கி வேறு நாணய வாடகையை நம்பித் தவணை கட்டுவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

கட்டி முடியாத வீடு என்பது தனி அபாயம். துபாயில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்குபவர்களின் பணம் திட்டத்துக்கான எஸ்க்ரோ கணக்கில் (கட்டுமான நிறுவனம் விருப்பப்படி எடுக்க முடியாத தனிக் கணக்கு) செலுத்தப்பட்டு, கட்டுமான வேலைக்கேற்பவே விடுவிக்கப்படுகிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனாலும் 2008க்குப் பின் அங்கு விலைகள் ஏறத்தாழ பாதியாக விழுந்து, பல திட்டங்கள் நின்றுபோயின. கணக்கில் உள்ள பணம் பாதுகாப்பாக இருப்பதால் கட்டடம் எழுந்துவிடாது. கட்டி முடித்த கட்டடத்திலும் தொழில்நுட்பச் சோதனை வேண்டும். லண்டனில் 2017 ஜூனில் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் இறந்தபின், எரியக்கூடிய வெளிச்சுவர்ப் பூச்சுப் பலகைகள் கொண்ட ஏராளமான கட்டடங்களில் வங்கிகள் கடன் தர மறுத்ததால், குற்றமே செய்யாத உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் விற்க முடியாமல் தவித்தார்கள். ஜப்பானில் 1981 ஜூன் மாதத்துக்குப் பிந்தைய நிலநடுக்கத் தரப்படி அனுமதி பெற்ற கட்டடமா என்பது விலையையும் கடனையும் காப்பீட்டையும் பாதிக்கும் கேள்வி. இங்கிலாந்தில் குத்தகை உரிமையாக வாங்கும் அடுக்கக வீட்டில் மீதமுள்ள ஆண்டுகள் 80க்கு அருகில் இறங்கினால் நீட்டிப்புச் செலவும் விற்பனைச் சிக்கலும் தொடங்கிவிடும்.

முதலீட்டுடன் வசிப்புரிமையும் கிடைக்கும் என்று சொல்லப்பட்டிருந்தால் அதை விலைக்கு மதிப்பாகச் சேர்க்காதீர்கள். போர்ச்சுகல் 2023 அக்டோபரில் வீடு வாங்குவோருக்கான முதலீட்டு விசா வழியை மூடியது. ஸ்பெயின் 2025 ஏப்ரல் 3இல் முழுத் திட்டத்தையே முடித்தது. விசாவுக்காக வாங்கப்பட்ட வீடுகளுக்கு விசா போனபின் யார் வாடிக்கையாளர் என்பது மறுபடியும் அதே விற்பனைக் கேள்விதான்.

உங்கள் நிலையில் நான் செய்யச் சொல்வது: கட்டுமான நிறுவனமோ தரகரோ பரிந்துரைக்காத, அந்நாட்டில் உரிமம் பெற்ற வழக்கறிஞர் ஒருவரை உங்கள் செலவில் அமர்த்துங்கள். பல ஐரோப்பிய நாடுகளில் பத்திரத்தை முடிக்கும் நோட்டரி இரு தரப்புக்கும் பொதுவானவர். அவர் உங்கள் நலனுக்கென்று வாதாடுபவர் அல்லர். நில உரிமை, வில்லங்கம், கட்டட அனுமதி, வெளிநாட்டவர் ஒதுக்கீட்டில் எஞ்சிய இடம் ஆகிய நான்கையும் உங்கள் வழக்கறிஞர் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். உங்களுக்குப் பதிலாக ஒருவர் செயல்பட அதிகாரப் பத்திரம் கொடுக்க நேர்ந்தால் குறிப்பிட்ட வீடு, குறிப்பிட்ட செயல், குறிப்பிட்ட காலம் என்று வரையறுத்துக் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தையும் பணம் பெறும் அதிகாரத்தையும் ஒருவரிடமே சேர்த்துக் கொடுக்காதீர்கள். பிறகு ஒருமுறை நேரில் போங்கள், தரகர் ஏற்பாடு செய்யும் சுற்றுப்பயணமாக அல்லாமல். அங்குள்ள மூன்று வாடகை முகவர்களிடம் வாடகைக்கு வீடு தேடுபவராகப் பேசினால், அந்தப் பகுதியில் எத்தனை வீடுகள் எவ்வளவு காலமாகக் காலியாக இருக்கின்றன என்பது ஒரே நாளில் புலப்படும்.

இந்த வேலைகளைச் செய்ய நேரமோ விருப்பமோ இல்லை என்றால், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட வெளிநாட்டுச் சொத்து முதலீட்டு அறக்கட்டளைகளில் (REIT எனப்படும், பலரின் பணத்தில் பல கட்டடங்களை வைத்திருந்து வாடகை வருமானத்தைப் பகிர்ந்து தரும் அமைப்புகள்) பங்கு வாங்குவது உங்களுக்குப் பொருத்தமானது. அதன் விலையும் ஏறி இறங்கும், அதிலும் வரிப்பிடித்தம் உண்டு. ஆனால் ஒரே கட்டடத்தில், ஒரே குடியிருப்பவரிடம் மொத்தப் பணமும் சிக்காது, வேண்டாமென்றால் அன்றே விற்கலாம். வீடுதான் வேண்டும் என்று முடிவு செய்தால், 'இந்த வாரம் மட்டும்' என்று கேட்கப்படும் முன்பதிவுத் தொகையைக் கட்டாதீர்கள். கட்டியே ஆக வேண்டும் என்றால், உங்கள் வழக்கறிஞரின் சட்ட ஆய்வு திருப்தியாக இல்லாவிடில் முழுத் தொகையும் குறிப்பிட்ட நாளுக்குள் திரும்பத் தரப்படும் என்ற விதி ரசீதிலேயே இருக்க வேண்டும், பணம் தரகர் கணக்குக்குப் போகாமல் வழக்கறிஞரின் வாடிக்கையாளர் கணக்குக்குப் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் அவர்கள் மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.